எக்ஸாஸ்ட் பிரேக்கில் எண்ணெய் ஒழுகினால்: கண்டுபிடிப்பது முதல் சரிசெய்வது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

லாரிக்கு அடியில், எக்ஸாஸ்ட் குழாயை மூடி வண்டியின் வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வால்வைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய் வடிந்திருந்தால், பல ஒர்க்‌ஷாப்களில் உடனே அந்த வால்வை மாற்றிவிடுகிறார்கள். புது வால்வோடு வண்டி போகும். கொஞ்ச நாளில் அதே இடத்தில் அதே எண்ணெய் மறுபடியும் வடியும். டிரைவருக்கும் எரிச்சல், முதலாளிக்கும் எரிச்சல்.

காரணம் எளிது. காற்றிலோ வேக்குவத்திலோ இயங்கும் எக்ஸாஸ்ட் பிரேக்குக்குள் எண்ணெயே கிடையாது. அதற்கென்று எண்ணெய்க் குழாயும் வருவதில்லை. அங்கே நாம் பார்க்கும் எண்ணெய் வேறு எங்கிருந்தோ வந்து, அந்த இடத்தில் வழி கிடைத்ததால் வெளியே வந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. அதனால் இந்த வழிகாட்டியிலும் கழற்றுவதைவிடக் கண்டுபிடிப்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் அன்றாடம் ஓடும் இசுஸு, ஹினோ, ஃபூசோ, யூடி, ஸ்கானியா, வோல்வோ போன்ற லாரிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். போல்ட்டை எவ்வளவு முறுக்குவது, தகட்டுக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். அந்த எண்களை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும்.

அது எப்படி வேலை செய்கிறது

டீசல் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் மட்டும் வண்டி பெரிதாக இழுத்துப் பிடிக்காது. அதற்காகவே எக்ஸாஸ்ட் குழாயில், பெரும்பாலும் டர்போவுக்கு (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் கருவி) பிறகு, ஒரு வட்டத் தகட்டை ஷாஃப்ட்டில் பொருத்தியிருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அந்தத் தகடு குழாயை மூடும். வாயைப் பொத்திக்கொண்டு ஊதிப் பார்ப்பது போலத்தான்: பிஸ்டன் வெளியே தள்ள வேண்டிய காற்றுக்கு வழியில்லாமல் குழாய்க்குள் பல பார் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளுவதிலேயே எஞ்சினின் வேகம் குறையும்.

தகட்டை இழுப்பது பெரிய லாரிகளில் ஒரு சிறிய ஏர் சிலிண்டர், சிறிய லாரிகளில் வேக்குவம் டயஃப்ராம். இரண்டையும் திறந்து மூடுவது மின்சாரத்தில் இயங்கும் ஒரு சோலினாய்டு வால்வு.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஷாஃப்ட். அது குழாயின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அங்கே ஷாஃப்ட்டைத் தாங்கும் உலோக வளையமாக ஒரு புஷ் இருக்கும். இவ்வளவு சூட்டில் ரப்பர் சீல் தாங்காது என்பதால் அந்தப் பொருத்தம் ஒருபோதும் முழுக்க அடைபடாது. புது வண்டியிலும் அங்கே கொஞ்சம் கரி படியும், அது குறை இல்லை. குழாயின் உட்சுவரில் எண்ணெய் இருந்தால், தகடு மூடும்போது ஏறும் அழுத்தம் அந்த எண்ணெயைக் கரியோடு சேர்த்து புஷ் வழியாகப் பிதுக்கிவிடும். புஷ் தேய்ந்திருந்தால் இன்னும் அதிகமாக வரும். ஆனாலும் எண்ணெயைத் தந்தது புஷ் இல்லை.

எண்ணெயே தகட்டை இயக்கும் வகைகளும் உலகில் உண்டு. ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினில் டர்போ உட்காரும் பீடத்துக்குள் எஞ்சின் எண்ணெய் அழுத்தத்தில் நகரும் ஒரு பிஸ்டன் இருக்கும். அங்கே ஓரிங் போனால் நேராக எண்ணெய்தான் ஒழுகும். ஜேக் பிரேக் என்பது வேறு சாதனம். அது ராக்கர் கவருக்கு உள்ளே எண்ணெய் அழுத்தத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறப்பது. ஒழுகினால் கவர் கேஸ்கெட்டையும் ஒயர் வெளியே வரும் சீலையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் இத்தோடு விட்டுவிட்டு, நம் கையில் தினமும் வருவதைப் பார்ப்போம்.

வண்டியை ஓட்டலாமா

எண்ணெய் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. கரிப்பசை மாதிரி ஷாஃப்ட்டைச் சுற்றி ஒட்டியிருந்தால் அன்றைய ஓட்டத்தை முடித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வரலாம். சொட்டுச் சொட்டாக எண்ணெய் டர்போ மேலேயோ எக்ஸாஸ்ட் குழாய் மேலேயோ விழுந்தால் ஓட்டக் கூடாது. சுமையோடு ஏற்றத்தில் ஏறும் லாரியில் டர்போவை விட்டு வெளியேறும் புகை 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எண்ணெயில் ஊறிய வெப்பத்தடுப்புத் துணியோ அட்டையோ பற்றிக்கொள்ள அது போதும். கேபிஇ சுரங்கத்துக்குள்ளோ எம்சிஇ சுரங்கத்துக்குள்ளோ அது நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே சிறிய லாரிகளின் பின்னால் சரக்கு மட்டும் போவதில்லை. காலையும் மாலையும் நம் ஆட்கள்தான் உட்கார்ந்து போகிறார்கள். சிறிய லாரி பலவற்றில் எக்ஸாஸ்ட் பிரேக்கும் கால் பிரேக்கின் பூஸ்டரும் ஒரே வேக்குவம் பம்பிலிருந்துதான் சக்தி எடுக்கின்றன. அதனால் ‘எக்ஸாஸ்ட் பிரேக்தானே, கால் பிரேக் இருக்கிறதே’ என்று தள்ளிப்போடும் வழக்கத்தை நான் ஏற்கவே மாட்டேன். பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கடினமாக இருக்கிறது என்று டிரைவர் சொன்னால் அந்த வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

முதலில் கழுவுங்கள்

வண்டி வந்ததும் ஸ்பேனர் எடுக்க வேண்டாம். முதலில் டிரைவரிடம் பேசுங்கள். எண்ணெய் எவ்வளவு குறைகிறது, எப்போது ஊற்றினார்கள், நீல நிறப் புகை வருகிறதா, துறைமுகத்திலோ கட்டுமான இடத்திலோ எஞ்சினை ஓடவிட்டு எவ்வளவு நேரம் நிற்கிறார், காற்றழுத்தம் ஏற முன்பைவிட அதிக நேரம் ஆகிறதா, கடைசியாக டர்போ அல்லது (ஏர் டேங்குக்குக் காற்றை அழுத்தி அனுப்பும்) கம்ப்ரஸர் வேலை நடந்ததா என்று கேளுங்கள். ‘அண்ணே, கொஞ்ச நாளா ஏர் டேங்கைத் திறந்தா தண்ணியோட எண்ணெயும் வருது’ என்று ஒரு டிரைவர் சொல்லிவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்தது.

அப்புறம் ஒழுகிய எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, கையுறையோடு.

தார் போலக் கறுத்துக் கெட்டியாக, கரி கலந்து இருந்தால் அது எக்ஸாஸ்ட் குழாயின் உள்ளேயிருந்து வருகிறது. பழுப்பாக, வழவழப்பாக, கரி இல்லாமல் இருந்தால் வெளிப்புற ஒழுகல்: ராக்கர் கவர், டர்போவுக்குப் போகும் எண்ணெய்க் குழாய், அதிலிருந்து திரும்பும் குழாய் என்று மேலே எங்கேயோ இருந்து வழிந்து வந்து எக்ஸாஸ்ட் பிரேக் மேல் நிற்கிறது. சாம்பல் நிறத்தில், பால் கலந்தது மாதிரி இருந்தால் ஏர் லைனிலிருந்து வருகிறது. கம்ப்ரஸர் எண்ணெயும் காற்றின் ஈரமும் கலந்த நிறம் அது. இந்த ஊர் ஈரப்பதத்தில் இதை அடிக்கடி பார்க்கலாம். மெல்லியதாக, டீசல் வாடையோடு இருந்தால் எரியாத டீசல். வெள்ளைப் படிகமாகக் காய்ந்திருந்தால் எண்ணெயே இல்லை, புகையைச் சுத்தம் செய்ய எக்ஸாஸ்ட்டில் தெளிக்கும் ஆட்புளூ திரவம். அதற்கு வேறு வைத்தியம்.

நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். பல மாதத் தூசியும் கரியும் எல்லா எண்ணெயையும் கறுப்பாக்கிவிடும். டிகிரீஸர் அடித்து, எஞ்சினின் அந்தப் பக்கம் முழுவதையும், ராக்கர் கவரிலிருந்து சேசிஸ் வரை சுத்தமாகக் கழுவி உலர்த்துங்கள். ஆல்டர்னேட்டர், ஒயர் கனெக்டர்களை பிளாஸ்டிக் பையால் மூடிக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும் டர்போ மேல் குளிர்ந்த தண்ணீர் படவே கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

கழுவி உலர்ந்த பிறகு எஞ்சினை ஓடவிட்டு டார்ச்சோடு பாருங்கள். எப்போதும் மேலிருந்து கீழாகவும், முன்னாலிருந்து பின்னாலும் பார்க்க வேண்டும். எண்ணெய் கீழ்நோக்கித்தான் இறங்கும், ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னால்தான் தள்ளும். ஈரம் தெரியும் இடங்களிலேயே மிக உயரமானது எதுவோ அதுதான் உங்கள் சந்தேகத்துக்குரிய இடம். ஒன்றும் தெரியவில்லையென்றால் எஞ்சின் எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து, வண்டியை ஒரு நாள் ஓட்டச் சொல்லி, புற ஊதா விளக்கில் பாருங்கள். டால்கம் பவுடரை மெல்லத் தூவிப் பார்ப்பதும் நல்ல வழிதான். செலவே இல்லாத வழி அது.

எண்ணெய் வரும் வழியைப் பிரித்துப் பார்ப்பது

வெளிப்புற ஒழுகல் இல்லை என்று தெரிந்துவிட்டால், மீதி இரண்டே வழிகள்: தகட்டை இயக்கும் பக்கம், அல்லது எக்ஸாஸ்ட் குழாயின் உட்பக்கம்.

இயக்கும் பக்கத்தை முதலில் பாருங்கள், அது சுலபம். ஏர் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து வெள்ளைத் துணியில் பிடியுங்கள். சில சொட்டுத் தண்ணீர் வந்தால் பயமில்லை. குழம்பு மாதிரி எண்ணெய் வந்தால் கம்ப்ரஸர் எண்ணெயைத் தள்ளுகிறது, காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிக்கும் ஏர் டிரையர் நிறைந்துபோய் அதைத் தடுக்க முடியாமல் விட்டிருக்கிறது. அடுத்து, எக்ஸாஸ்ட் பிரேக் சோலினாய்டு காற்றை வெளியே விடும் துளையில் சுத்தமான வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு, பிரேக்கைப் பலமுறை போட்டு எடுக்கச் சொல்லுங்கள். துணியில் எண்ணெய்த் துளிகள் தெரிந்தால் ஏர் லைன்தான் குற்றவாளி. பழைய வண்டிகள் பலவற்றில் சாவியை ஆன் செய்து சுவிட்சை இழுத்தாலே சோலினாய்டு கிளிக் என்று வேலை செய்யும். புது வண்டிகளில் எஞ்சின் வேகமும் வண்டி ஓட்டமும் இருந்தால்தான் கம்ப்யூட்டர் அனுமதிக்கும். அப்படிப்பட்ட வண்டியில் துணியைக் கட்டிக்கொண்டு ரோட்டில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். துணி எக்ஸாஸ்ட் குழாயைத் தொடாமல் கட்டுங்கள்.

வேக்குவம் வகையில், டயஃப்ராமுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். உள்ளே எண்ணெய் இருக்கவே கூடாது. ஆல்டர்னேட்டர் பின்னால் பொருத்திய வேக்குவம் பம்புக்கு எஞ்சின் எண்ணெய்தான் வழவழப்பு தருகிறது. ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு கெட்டால் எஞ்சினை நிறுத்தும்போதெல்லாம் அந்த எண்ணெயை ஹோஸ் உறிஞ்சிக்கொள்ளும். டயஃப்ராமைக் கை வேக்குவம் பம்பால் 500 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு இழுத்து ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். முள் இறங்கினால் டயஃப்ராம் கிழிந்திருக்கிறது.

இயக்கும் பக்கம் சுத்தமாக இருந்தால் எக்ஸாஸ்ட் பக்கம் போக வேண்டியதுதான். எக்ஸாஸ்ட் பிரேக்கைக் கழற்றி, டர்போவின் வெளிவாயில் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்த கரி மட்டும் ஒட்டினால் அங்கே எண்ணெய் இல்லை, நீங்கள் வெளிப்புற ஒழுகல் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறீர்கள், திரும்பிப் போங்கள். விரல் நனைந்தால் கேள்வி இன்னும் ஒன்றுதான்: அந்த எண்ணெய் டர்போவிலிருந்து வந்ததா, அதற்கு முன்னால் எஞ்சினிலிருந்தே வந்ததா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் டர்போவை ஆர்டர் செய்வதுதான் இந்த வேலையில் அதிகப் பணம் வீணாகும் இடம். டர்போவை மேனிஃபோல்டிலிருந்து கழற்றுங்கள். டர்போவுக்குள் எக்ஸாஸ்ட் நுழையும் வாயையும் மேனிஃபோல்டின் உட்புறத்தையும் பாருங்கள். அவை காய்ந்திருந்து, டர்போ வெளிவாய் மட்டும் நனைந்திருந்தால் எண்ணெய் டர்போவின் சீல் வழியாக வருகிறது. நுழைவாயே நனைந்திருந்தால் எண்ணெய் எஞ்சினிலிருந்து வருகிறது. எஞ்சினின் எந்தச் சிலிண்டரின் வாய் அதிகம் நனைந்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் நனைந்திருந்தால் அதன் இன்ஜெக்டரையும் வால்வு கைடையும் முதலில் சந்தேகப்படலாம். எல்லாமே நனைந்திருந்தால் ரிங் தேய்மானம், அல்லது நீண்ட ஐட்லிங்.

ஐட்லிங் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். சுமை இல்லாமல் மணிக்கணக்கில் ஓடும் டீசல் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது. டீசல் முழுதாக எரியாமல், ரிங்கும் இறுகாமல், டீசலும் எண்ணெயும் கலந்த கறுப்பு நீர் எக்ஸாஸ்ட்டில் சேரும். டர்போவிலும் அதே கதைதான். அதன் சீல் ரப்பர் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி ஓர் உலோக வளையம். வெளியே இருக்கும் வாயு அழுத்தம்தான் எண்ணெயை உள்ளே நிறுத்துகிறது. ஐட்லிங்கில் அந்த அழுத்தம் மிகக் குறைவு, எண்ணெய் மெல்ல நழுவும். அப்புறம் வண்டி கிளம்பி முதல் சிக்னலில் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டதும் சேர்ந்த எண்ணெய் எல்லாம் ஷாஃப்ட் வழியாகப் பிதுங்கும். ஏர்கானுக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கும் வண்டிகளில் இதைத்தான் பார்க்கிறோம். போக்குவரத்துக் காரணம் இல்லாமல் நின்ற வண்டியின் எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றமும்கூட. இப்படிப்பட்ட வண்டியாக இருந்தால், எதையும் மாற்றுவதற்கு முன் குழாயைச் சுத்தம் செய்து, ஒரு வாரம் ஐட்லிங் இல்லாமல் சுமையோடு ஓட்டச் சொல்லிப் பாருங்கள். எண்ணெய் நின்றுவிட்டால் உங்கள் முதலாளிக்கு ஒரு டர்போவின் விலை மிச்சம்.

கழற்றுவது

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, டயருக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். சாவியை எடுத்து உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கேபினைச் சாய்க்கும் வண்டியென்றால் தாங்குகம்பியின் பூட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே தலையை உள்ளே விடுங்கள். ஏர் லைனைத் தொடுவதற்கு முன் டேங்கில் உள்ள காற்றை முழுவதும் இறக்குங்கள். ஹெவி வெஹிக்கிள் பார்க்கில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் படுத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். அது பாதுகாப்பும் இல்லை, ஒழுகும் எண்ணெய்க்குப் போக்கிடமும் இல்லை.

எக்ஸாஸ்ட் போல்ட்டுகள் துருவும் சூடும் சேர்ந்து இறுகியிருக்கும். துரு இளக்கும் ஸ்பிரேயை முந்தின நாள் மாலையே அடித்து ஊறவிடுவது நல்லது. ஸ்பேனரில் வழுக்க ஆரம்பித்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஸ்பிரே அடித்து மெல்ல வெளியே எடுங்கள். ஸ்டட் உடைந்தால் அரை நாள் வேலை இரண்டு நாளாகும்.

ஹோஸையும் ஒயரையும் கழற்றுமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் சிலிண்டரையும் ஷாஃப்ட் கையையும் இணைக்கும் கம்பியின் நீளத்தை அளந்து குறித்து வையுங்கள். பின் கிளிப்பை எடுத்து கம்பியை விடுவித்து, சிலிண்டரைத் தனியாகக் கழற்றி, கடைசியாக வால்வு உடலை இறக்குங்கள். வார்ப்பிரும்பு, கனமாக இருக்கும். ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் கடைசி போல்ட்டை எடுக்கும் பழக்கம் வேண்டாம், தம்பி ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வால்வும் சிலிண்டரும்

கரியைச் சுரண்டும்போது மாஸ்க் கட்டாயம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் முதல் வகையில் சேர்த்துவிட்டது. காற்றுத் துப்பாக்கியால் கரியை ஊதாதீர்கள். டிகிரீஸரில் ஊறவைத்து, ஈரமாக இருக்கும்போதே கம்பி பிரஷால் தேயுங்கள். தகட்டின் விளிம்பில் உளி வைத்துத் தட்டினால் விளிம்பு வளையும், பிறகு சரியாக மூடாது.

சுத்தம் செய்ததும் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். ஒரே சீராகத் திரும்ப வேண்டும். மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் புஷ் போய்விட்டது. புஷ் தனியாகக் கிடைக்கும் மாடலென்றால் மாற்றலாம், இல்லையென்றால் இப்போதுதான் வால்வு உடலை மாற்ற வேண்டிய நேரம். தகட்டைப் பிடிக்கும் ஸ்குரூக்கள் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏர் சிலிண்டருக்கு ரிப்பேர் கிட் கிடைத்தால் பிஸ்டன் சீல், ஓரிங், தூசி மூடி எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். எண்ணெய் பட்டு உப்பிய ரப்பர் மறுபடி பழைய அளவுக்கு வராது. உள்சுவரில் கோடு விழுந்திருந்தால் கிட் வீண், முழுச் சிலிண்டர்தான். ரப்பரைப் பிரேக் கிளீனரால் கழுவாதீர்கள். சீலுக்குத் தடவ, கிட்டில் வரும் கிரீஸ் அல்லது சிலிகான் கிரீஸ் மட்டும். எஞ்சின் எண்ணெய் தடவினால் அடுத்த முறை எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே குழப்பம் வரும். பூட்டியதும் ஏர் லைனில் மாட்டி, 6 அல்லது 7 பார் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

ஊற்றை அடைப்பது

கம்ப்ரஸர் எண்ணெய் தள்ளினால், ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றி அனுப்பினால் அதுவும் சீக்கிரமே நிறைந்துவிடும். கம்ப்ரஸரைக் குறை சொல்லும் முன் நான்கு இடங்களைப் பாருங்கள். அது காற்று இழுக்கும் குழாயோ ஃபில்டரோ அடைத்திருக்கிறதா? அடைத்திருந்தால் அது கிரான்க் கேஸிலிருந்து (எண்ணெய் இருக்கும் அடிப்பகுதி) எண்ணெயை மேலே இழுக்கும். எண்ணெய் திரும்பும் வழி அடைத்திருக்கிறதா? காற்று வெளியேறும் குழாயில் கரி கட்டியிருக்கிறதா? நான்காவதாக, பின்னால் எங்கேயாவது காற்று கசிகிறதா? இந்த நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பின் சக்கரச் சேம்பரிலோ டெயில் லிஃப்ட் பக்கமோ காற்று கசிந்தால் கம்ப்ரஸருக்கு ஓய்வே இல்லை. சூடேறிக்கொண்டே ஓடும், ரிங் தாண்டி எண்ணெய் போகும். இவை எல்லாம் சரியாக இருந்தும் எண்ணெய் வந்தால் ரிங் தேய்ந்த கம்ப்ரஸர்தான், மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு டேங்க், குழாய்கள், சோலினாய்டு எல்லாவற்றிலும் தங்கிய எண்ணெயை வெளியேற்றி, கடைசியாகப் புதுக் கார்ட்ரிட்ஜ் போடுங்கள்.

வேக்குவம் வகையில் செக் வால்வும் எண்ணெயில் ஊறிய ஹோஸும் மாற்றினால் பெரும்பாலும் தீரும். ஹோஸை மாற்றும்போது பூஸ்டருக்குப் போகும் ஹோஸையும் கழற்றிப் பாருங்கள். அங்கேயும் எண்ணெய் இருந்தால் பூஸ்டர் டயஃப்ராமும் ஊறியிருக்கும், அதை விட்டுவிட்டு வண்டியைக் கொடுக்கக் கூடாது.

டர்போவிலிருந்து வந்தால், டர்போவை எடுப்பதற்கு முன் எண்ணெய் திரும்பும் குழாயைப் பாருங்கள். டர்போவிலிருந்து எண்ணெய் அழுத்தத்தில் வெளியேறுவதில்லை, தன் எடையில் கீழே வடிகிறது. குழாய் நசுங்கியிருந்தாலும், உள்ளே கரி கட்டியிருந்தாலும், யாரோ முன்பு தடவிய சிலிகான் பிதுங்கி வாயை அடைத்திருந்தாலும், நல்ல டர்போவே எண்ணெய் விடும். உள்ளே சேரும் வாயுவை வெளியே விடும் எஞ்சின் பிரீதர் அடைத்து கிரான்க் கேஸில் அழுத்தம் ஏறினாலும் அப்படித்தான். டிப் ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கு மேல் எண்ணெய் நின்றாலும் அப்படித்தான். இவை மூன்றும் சரியாக இருந்து, ஷாஃப்ட்டும் ஆடினால் டர்போவை மாற்றுங்கள். புது டர்போவுக்குள் சுத்தமான எண்ணெய் ஊற்றிக் கையால் சுற்றி, எண்ணெய் வரும் குழாயையும் புதிதாகப் போட்டு, முதல் சில நிமிடம் ஐட்லிங்கிலேயே ஓடவிடுங்கள்.

எஞ்சினே எண்ணெய் விடுகிறது என்றால் பேச்சு ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆபீசுக்குப் போகும். வண்டியை வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇ இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் முதலாளி எஞ்சினைப் பிரிக்கலாமா என்று முடிவு செய்வார். நம் வேலை, எந்தச் சிலிண்டர், கம்ப்ரஷன் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு குறைகிறது என்று தெளிவாக எழுதிக் கொடுப்பது. 2018 ஜனவரி முதல் பதிவான டீசல் வண்டிகள் யூரோ 6 புகை விதிப்படியானவை. அவற்றில் புகையின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கும், எக்ஸாஸ்ட்டில் போகும் எண்ணெய் அதன் சாம்பலைக் கூட்டி சீக்கிரமே அடைத்துவிடும். அந்த வண்டிகளில் தள்ளிப்போடுவது இரட்டைச் செலவு என்று முதலாளியிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

திரும்பப் பூட்டுவதும் சோதிப்பதும்

பழைய கேஸ்கெட்டை மறுபடி போடாதீர்கள், எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் சிலிகான் தடவாதீர்கள். போல்ட்டுகளுக்குச் சூடு தாங்கும் பசை தடவி, குறுக்கு வரிசையில், இரண்டு மூன்று சுற்றாக டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். வெப்பத்தடுப்புத் தகடு ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். சிலிண்டர் சீல் சீக்கிரம் வெந்துபோவதற்குக் காணாமல் போன அந்தத் தகடுதான் பல நேரம் காரணம். எண்ணெயில் ஊறிய தடுப்புத் துணியை மட்டும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது சுற்றுங்கள்.

கம்பியின் நீளத்தைக் குறித்த அளவுக்குக் கொண்டுவந்து பூட்டு நட்டை இறுக்குங்கள். பிரேக் போடாதபோது தகடு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கொஞ்சம் மூடியே நின்றால் எஞ்சின் எப்போதும் எதிரழுத்தத்தோடு ஓடும், இழுவை குறையும், டர்போ சூடேறும், புகை கறுக்கும்.

எஞ்சினை ஓடவிட்டு முதலில் கசிவு பாருங்கள். பிறகு சூடானதும் ரோட்டில் ஓட்டி, ஆளில்லாத இடத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பலமுறை போட்டுப் பாருங்கள். போட்டதும் பிடிக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் உடனே விட வேண்டும். சைலன்சரில் மிச்சமிருக்கும் எண்ணெய் எரிவதால் முதலில் கொஞ்சம் நீலப் புகை வரும். அது குறைந்துகொண்டே போக வேண்டும், குறையவில்லையென்றால் ஊற்று இன்னும் அடையவில்லை. திரும்பி வந்து எஞ்சின் முழுக்க ஆறியதும் போல்ட்டுகளை இன்னொரு முறை சரிபாருங்கள்.

வாகனப் பரிசோதனைக்கு நாள் நெருங்கியிருந்தால் புகை முழுக்க நின்ற பிறகு கொண்டுபோங்கள். 10 வருடத்துக்கு உட்பட்ட லாரிக்கு வருடம் ஒருமுறை, அதைத் தாண்டியதற்கு 6 மாதத்துக்கு ஒருமுறை என்பதால், பழைய வண்டிகளில் இந்த வேலையைப் பரிசோதனைக்குச் சில வாரம் முன்பே செய்துவிடுவது நல்லது.

வடித்த எண்ணெயும் கழுவிய அழுக்கு நீரும் சாக்கடைக்குப் போகக் கூடாது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழைநீர் வடிகால் வழியாக நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது, நாம் குடிப்பதில் ஒரு பங்கும் அங்கிருந்து வருவதுதான். கழிவெண்ணெயை மூடிய டிரம்மில் சேர்த்து, உரிமம் பெற்ற நிறுவனத்திடம் கொடுங்கள். எண்ணெய்த் துணிகளை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போடுங்கள்.

ஒரு வாரம் கழித்து வண்டியைத் திரும்ப வரச் சொல்லி மூன்று இடங்களை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்: ஷாஃப்ட் வெளியே வரும் இடம், சோலினாய்டு துளை, டர்போ எண்ணெய் திரும்பும் குழாயின் மேல் கேஸ்கெட். துணியில் காய்ந்த கரி மட்டும் ஒட்டினால் வேலை முடிந்தது. துணி நனைந்தால், எந்த இடத்தில் நனைந்ததோ அந்த வழியின் முதல் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.